தலையில் துடிக்கும் கட்டியா? அறுவைக்கு முன் காப்பீட்டு அட்டையைப் பாருங்கள்

தலைத்தோலில் ஒரு மெத்தென்ற கட்டி. விரலை வைத்தால் நாடி போலத் துடிக்கிறது, படுத்தால் காதுக்குள் ‘உஸ் உஸ்’ என்கிறது. இப்படி இருந்தால் அதைக் கொழுப்புக் கட்டி என்று நினைத்து சின்ன கிளினிக்கில் கீறவிடாதீர்கள், ரத்தத்தை அடக்குவது கஷ்டம். தமனியும் (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய்) சிரையும் (ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) நேரடியாக இணைந்துகொண்டு, ரத்தம் வேகமாகப் பாய்வதால் ரத்தக் குழாய்கள் புடைத்து நெளிந்திருக்கலாம். சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும். சிலருக்குத் தலையில் அடிபட்டு, அந்த அடியே மறந்துபோன பிறகு வரும்.

முதலில் ஆஞ்சியோகிராம் (ரத்தக் குழாய்களைக் காட்டும் படம்) எடுத்து, கட்டிக்கு எந்தக் குழாய்கள் ரத்தம் கொடுக்கின்றன என்று பார்ப்பார்கள். பலருக்கு மெல்லிய டியூப் செலுத்தி அந்த ரத்தக் குழாய்களை அடைத்துவிட்டு, அடுத்த சில நாட்களில் கட்டியை முழுதாக எடுப்பார்கள். வெளியே தெரியும் குழாயை மட்டும் கட்டிவிட்டால் பக்கத்துக் குழாய்கள் பெருத்து மறுபடி வந்துவிடும். பெரிய கட்டி என்றால் தோல் ஒட்டும் வேலையும் சேரும். ஆக, செலவு ஒன்றல்ல, இரண்டு மூன்று.

இங்குதான் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். ஒரு குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை. ரேஷன் அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய வருமானச் சான்று ஆகியவற்றுடன் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். வேலூர்க்காரர்களுக்கு அது சத்துவாச்சாரியில். 2019-இல் மாவட்டம் பிரிந்ததால் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மக்கள் தங்கள் மாவட்டக் கலெக்டர் ஆபீஸுக்கே போக வேண்டும்.

அட்டை கையில் இருந்தால் மட்டும் போதாது. நாம் பணம் கட்டிவிட்டு அப்புறம் பில்லைக் காட்டி வாங்கும் திட்டமல்ல இது. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரி முன்கூட்டியே காப்பீட்டு நிறுவனத்திடம் அனுமதி வாங்க வேண்டும். அவசரமில்லாத அறுவை என்றால் அந்த அனுமதி வரும்வரை காத்திருப்பதே நல்லது என்பேன். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ தனியாரோ, அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் இப்படி வாய்விட்டுக் கேளுங்கள்: “குழாய் அடைப்பது, கட்டி எடுப்பது, தோல் ஒட்டுவது, எல்லாம் அனுமதியில் இருக்கா? நாங்க கையிலிருந்து கட்ட வேண்டியது ஏதாவது இருக்கா?” பதில் குழப்பமாக இருந்தால் அங்கிருந்தே 1800 425 3993 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள்.