பழைய மைக்ரோவேவ் அவனின் ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டாம்

எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் என் தொழில். சொந்தமாக ஏதாவது செய்து பார்க்கும் ஆர்வமுள்ள பிள்ளைகள் பழைய பாகங்கள் கேட்டு வருவார்கள். மோட்டார், ஸ்பீக்கர், எல்இடி என்று எது இருந்தாலும் சந்தோஷமாக எடுத்துக் கொடுப்பேன். மைக்ரோவேவ் அவனின் ட்ரான்ஸ்ஃபார்மரை மட்டும் யார் கேட்டாலும் கொடுப்பதில்லை.

எதற்கு என்று விசாரித்தால், அதிலிருந்து வரும் உயர் வோல்டேஜை மரப்பலகையில் பாய்ச்சி, மின்னல் கிளைவிட்ட மாதிரி வடிவம் எரிப்பதற்கு என்கிறார்கள். 1777-இல் கியார்க் லிக்டன்பர்க் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் கவனித்துச் சொன்னதால் இவற்றுக்கு லிக்டன்பர்க் உருவங்கள் என்று பெயர். பார்க்க அழகுதான். ஆனால் வீட்டில் இதைச் செய்யப் போய் உயிரையே விட்டவர்கள் பல பேர். அமெரிக்க மரக்கடைசலாளர் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் இதைச் செய்யவே கூடாது என்று தடை போட்டிருக்கிறது.

"வீட்ல ஆர்சிசிபி இருக்கு சார், ஷாக் அடிச்சா ட்ரிப் ஆயிடும்" என்று தைரியமாகச் சொல்கிறார்கள். ஆர்சிசிபி என்பது மின்கசிவு வந்தால் தானாக விழுந்து கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச். எனக்குப் பயமே இந்த நம்பிக்கையைப் பார்த்துத்தான்.

ஃபேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமா என்பதைத்தான் ஆர்சிசிபி பார்க்கிறது. வீடுகளில் போடுவது பெரும்பாலும் 30 மில்லிஆம்பியர் வகை. அந்த அளவுக்கு வித்தியாசம் வந்தால் விழுந்துவிடும். ஆனால் இந்த ட்ரான்ஸ்ஃபார்மரைக் கையில் எடுத்துப் பாருங்கள். தடித்த கம்பி சுற்றியது பிரைமரி, வீட்டு கரண்ட் இதில்தான் நுழைகிறது. மெல்லிய கம்பி சுற்றியது செகண்டரி, உயர் வோல்டேஜ் இதிலிருந்து வருகிறது. இரண்டுக்கும் கம்பித் தொடர்பு கிடையாது. செகண்டரியின் ஒரு முனை இரும்பு உடலிலேயே பிணைந்திருக்கும், மறுமுனையில் சுமார் 2000 வோல்ட். உங்கள் உடம்பு வழியாகப் பாயும் கரண்ட் செகண்டரியிலிருந்து கிளம்பி செகண்டரிக்கே திரும்பிவிடும். பிரைமரி பக்கம் ஃபேஸும் நியூட்ரலும் சமமாகவே இருக்கும். ஆர்சிசிபி எதை வைத்து விழும்?

சரி, அளவுக்கு மீறி கரண்ட் போனால் விழும் எம்சிபி? 2000 வோல்ட்டில் அரை ஆம்பியர் உடம்பு வழியாகப் போனால் பிரைமரியில் கூடுவது நாலைந்து ஆம்பியர். ஒரு அயர்ன் பாக்ஸ் இழுக்கும் அளவு. அதற்கெல்லாம் எம்சிபி விழாது. ஆனால் ஒரு கையிலிருந்து மறுகைக்கு 100 மில்லிஆம்பியர் ஓரிரு விநாடி பாய்ந்தாலே இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோகலாம். ஷாக் அடித்தால் கை தானாக விலகிவிடும் என்பதும் நிச்சயமில்லை. தசை இறுகி, பிடித்ததை விடமுடியாமல் போகலாம். ரப்பர் செருப்போ மேட்டோ இங்கே உதவாது, கரண்ட் கைக்குக் கை போவதற்குத் தரை தேவையே இல்லை. சமையலறைக் கையுறை இந்த வோல்டேஜுக்கு ஆனதும் அல்ல.

அப்புறம் மைக்ரோவேவ் அவனுக்குள் இருக்கும் கெபாசிட்டர், அதாவது மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் சார்ஜ் இருக்கும். அதை வடிப்பதற்கு உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். நல்ல நிலையில் இருந்தால் ஒரு நிமிடத்துக்குள் வடிந்துவிடும். அந்த ரெசிஸ்டர் கெட்டுப்போயிருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால் மைக்ரோவேவ் அவனை நீங்களே பிரிக்காதீர்கள். உள்ளே இருக்கும் மைக்ரோ ஸ்விட்ச் மாதிரியான சின்னப் பாகங்கள் வேண்டுமென்றால் சர்வீஸ் தெரிந்தவரிடம் கழற்றித் தரச் சொல்லுங்கள்.

மரத்தில் படம் எரிக்க ஆசை என்றால் அதற்கென்றே சூடாகும் முனைகொண்ட பேனா கிடைக்கிறது. மின்னல் கிளையையும் அதிலேயே வரையலாம், நேரம்தான் கூடுதலாகும். கவனம் தப்பினால் விரல் சுடும், அவ்வளவே.

ஏற்கனவே இதைச் செய்துகொண்டிருக்கும் யாராவது விழுந்து கிடப்பதைப் பார்த்தால் ஓடிப்போய்த் தொடாதீர்கள். காப்பாற்றப் போனவரையும் சேர்த்துப் பிடிக்கும். முதலில் மெயினை அணையுங்கள், அல்லது அவர் பக்கம் போகாமல் பிளக்கைப் பிடுங்க முடிந்தால் பிடுங்குங்கள். மூச்சு இல்லையென்றால் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டர் ஆழம் அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை என்ற வேகத்தில், உதவி வரும்வரை விடாமல் அழுத்துங்கள்.