இன்புட் கார்டில் லைட் எரிந்தால் போதுமா?

"கார்டில் லைட் எரிகிறது சார், சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது." இரவு ஷிப்டில் இயந்திரம் நின்றுவிட்டால் தொலைபேசியில் முதலில் வரும் தகவல் பெரும்பாலும் இதுதான். இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் கணினியான பிஎல்சியில், சென்சார், சுவிட்ச் சிக்னல்களை வாங்கும் பகுதிதான் இன்புட் கார்டு. அதன் முகப்பில் இருக்கும் அந்தச் சின்ன எல்இடியை நாம் அளவுக்கு மீறி நம்புகிறோம். அந்த டெர்மினலுக்கு மின்னழுத்தம் வந்திருக்கிறது என்பதற்கு மேல் அது எதற்கும் சாட்சி இல்லை.

இயந்திரப் பாகம் வந்து தட்டும் லிமிட் சுவிட்ச் மூடியதால் அது வந்திருக்கலாம். அவசரத்துக்கு யாரோ போட்டுவிட்டு மறந்துபோன ஜம்பர் வயர் வழியாகவும் வந்திருக்கலாம். சில கார்டுகளில் எல்இடி ஆப்டோகப்ளருக்கு (சிக்னலை ஒளி வழியாக உள்ளே கடத்தும் பாகம்) முன்னால், சென்சார் பக்கச் சுற்றில் இருக்கும். அங்கே ஆப்டோகப்ளர் பழுதானாலும் விளக்கு எரியக்கூடும், புரோகிராமுக்கு 0 தான் போகும். இன்புட்டை யாராவது ஃபோர்ஸ் செய்து, அதாவது புரோகிராமில் 0 அல்லது 1 என்று கட்டாயமாக நிறுத்தி வைத்திருந்தாலும் இதே குழப்பம்தான். லேப்டாப்பை இணைத்து, புரோகிராமில் அந்த இன்புட்டின் பிட் 0-ஆ 1-ஆ என்று நேரடியாகப் பார்க்காமல் சென்சாருக்கு நற்சான்றிதழ் கொடுக்க வேண்டாம்.

அதிகம் அலைக்கழிப்பது மங்கலாக எரியும் விளக்கு. பிஎல்சிகளுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 61131-2 இன்புட்டுகளை வகை பிரிக்கிறது. அதன்படி, 24 வோல்ட் டிசி வகை 1 இன்புட்டில் 15 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் 1, 5 வோல்ட்டுக்குக் கீழ் இருந்தால் 0. நடுவில் சிக்கினால் எதுவும் நடக்கலாம். உலோகம் அருகில் வந்தால் தொடாமலே உணரும் இரண்டு வயர் பிராக்சிமிட்டி சென்சார், எதிரே உலோகம் இல்லாத நேரத்திலும் தன் பிழைப்புக்காகக் கொஞ்சம் மின்னோட்டத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். அது 0.5 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் வகை 1 கார்டு தடுமாறலாம். வகை 3 கார்டு 1.5 மில்லி ஆம்பியர் வரை தாங்கும். பலர் சென்சாரை மாற்றிப் பார்க்கிறார்கள், புதியதும் அப்படியே மங்கலாக எரிகிறது! கார்டின் வகையைப் பாருங்கள், அல்லது இன்புட்டுக்கு இணையாகப் பொருத்தமான ரெசிஸ்டர் போடுங்கள். 230 வோல்ட் ஏசி இன்புட்டுகளில், பவர் கேபிளோடு ஒரே டிரேயில் நீண்ட தூரம் ஓடும் வயரே மின்னழுத்தத்தைத் தூண்டி விளக்கை இப்படி மங்கலாக எரியவைத்துவிடும்.

ஸ்டாப் பட்டனுக்குக் கணக்கு தலைகீழ். அது என்சி கான்டாக்ட், அதாவது அழுத்தாதபோது மூடியிருந்து, அழுத்தினால் திறப்பது. வயர் அறுந்தாலும் இயந்திரம் நிற்க வேண்டும் என்பதற்காக அப்படி. எனவே அங்கே விளக்கு எரிவதுதான் சரியான நிலை.

அணைந்த விளக்கை நம்பிக் கைவைப்பது இவை எல்லாவற்றையும்விட மோசமானது. எல்இடியே போயிருக்கலாம். 24 வோல்ட் சப்ளை மட்டும் செத்து, அதே பேனலில் 415 வோல்ட் உயிரோடு இருக்கலாம். பேனலின் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசொலேட்டரை ஆஃப் செய்து, பூட்டி, டேக் மாட்டிய பிறகு மீட்டரை எடுங்கள். முதலில் மின்சாரம் இருப்பது உறுதியான ஓரிடத்தில் அது காட்டுகிறதா என்று பாருங்கள். அடுத்து வேலை செய்யப்போகும் இடத்தில் அளந்துவிட்டு, மீண்டும் முதல் இடத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.