சிம்சும்: ஒடுங்கி இடம் தருவதற்கு ஒரு சொல்

யூத ஆன்மிகத்திலிருந்து பிறந்த அரூப ஓவியங்களைப் பற்றிப் படிக்கப் போனால் ‘சிம்சும்’ என்ற எபிரேயச் சொல்லைத் தாண்டிப் போக முடியாது. அகராதிப் பொருளை மட்டும் பார்த்தால் ‘சுருக்கம்’ என்று எழுதத்தான் கை போகும். ஆனால் சுருக்கம் என்றதும் நமக்குக் கதைச்சுருக்கமும் முகச்சுருக்கமும்தான் நினைவுக்கு வரும். சொல்லின் உயிர் அங்கே இல்லை.

குறைத்தல், ஓரிடத்தில் குவித்தல் என்பதே இதன் வேர்ப்பொருள். பழைய யூத விளக்கவுரைகளில், கடவுள் தம் பிரசன்னத்தை, பத்துக் கட்டளைப் பலகைகளை வைத்திருந்த புனிதப் பெட்டியான உடன்படிக்கைப் பெட்டியின் இரண்டு தண்டுகளுக்கு நடுவே குவித்துக்கொண்டார் என்று வரும். எல்லையற்றது ஒரு சிறிய இடத்துக்குள் வந்து அமர்கிறது.

இதை அப்படியே திருப்பிப் போட்டவர் யூத மறைஞானி ஐசக் லூரியா. 1534இல் எருசலேமில் பிறந்து, கடைசிக் காலத்தில் கலிலேயாவின் சஃபேத் ஊருக்கு வந்து, 1572இல் அங்கேயே இறந்தவர். அவர் எழுதி வைத்தது மிகக் கொஞ்சம். சீடர் ஹயிம் விட்டாலின் எழுத்து வழியாகத்தான் அவருடைய போதனை நமக்குக் கிடைக்கிறது. எங்கும் கடவுளே நிறைந்திருந்தால் உலகம் எங்கே நிற்கும்? அதனால் கடவுள் தம்மைத் தாமே உள்ளிழுத்துக்கொண்டார். நடுவில் ஒரு வெற்றிடம் பிறந்தது. அதற்குள் ஒளி ஒரு கோடாக இறங்கியது. லூரியா மரபின்படி படைப்பின் முதல் செயலே விலகிக்கொள்வதுதான்.

வெற்றிடம், அதில் ஒரு கோடு. ஓவியர்களுக்கு இது சும்மா இருக்குமா?

நியூயார்க்கில் யூதக் குடும்பத்தில் பிறந்த ஓவியர் பார்னெட் நியூமன், 1948 ஜனவரி 29 அன்று, தம் பிறந்தநாளில், ஒரு சிறிய கான்வாஸை எடுத்தார். உயரம் 70 சென்டிமீட்டர்கூட இல்லை. முழுக்க அடர் செம்பழுப்பு. நடுவில் மேலிருந்து கீழாக, வண்ணம் படாமல் மறைக்க ஒட்டும் மாஸ்கிங் டேப். நிறம் எப்படி இருக்கிறது என்று பார்க்க அந்த டேப்பின் மேல் ஆரஞ்சு சாயல் கொண்ட சிவப்பைத் தடவினார், அதோடு நிறுத்திவிட்டார். டேப்பைக்கூட உரிக்கவில்லை. பல மாதங்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘ஒன்மெண்ட் 1’ என்ற அந்த ஓவியத்தின் கோடு பிறகு அவர் படங்களின் அடையாளமாகவே ஆனது. விமர்சகர் தாமஸ் ஹெஸ் 1971இல் இதையெல்லாம் லூரியாவின் போதனையோடு சேர்த்து வாசித்தார். எல்லோரும் அதை ஏற்கவில்லை. ஆனால் நியூமனுக்குச் சொல் தெரிந்திருந்தது உறுதி. 1963இல் அவர் செய்த யூத ஜெப ஆலய மாதிரியின் குறிப்பிலேயே சிம்சும் வருகிறது. 1969இல் எதிரெதிரே மடிந்து நிற்கும் இரண்டு எஃகுச் சுவர்களுக்கு, நடுவில் ஆள் நடந்து போகும்படி இடம் விட்டு, ‘சிம் சும் 1’ என்று பெயரே வைத்தார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? என் தேர்வு ‘ஒடுக்கம்’ என்பதிலிருந்து தொடங்குகிறது. ஒடுக்குவது அடுத்தவரை, ஒடுங்குவது தானாகவே. பேருந்தில் இருவர் சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், பையைத் தூக்கி மடியில் வைத்து, தோளைக் குறுக்கி ஒடுங்கி உட்காருகிறாள். நின்றுகொண்டிருந்த குழந்தைக்கு இடம் கிடைக்கிறது. அவளிடம் எதுவும் குறைந்துவிடவில்லை. லூரியா சொன்னதற்கு இவ்வளவு கிட்டத்தில் வரும் வினை வேறு எனக்குத் தெரியவில்லை.

ஒரு சிக்கல் உண்டு. சைவ சித்தாந்தத்தில் ஒடுக்கம் என்றால் உலகம் இறைவனிடத்தில் ஒடுங்குவது. சிவஞானபோதத்தின் முதல் சூத்திரமே ‘ஒடுங்கி’ என்கிறது. இங்கே ஒடுங்குவது இறைவன், தோன்றுவது உலகம். திசை நேர் எதிர். அதனால் முன்னால் ஒரு ‘தன்’ சேர்த்துத் ‘தன்னொடுக்கம்’ என்பேன். ‘அடக்கம்’ வேண்டாம். ஆமைபோல் ஐந்தடக்கல் என்று குறள் சொல்வது புலன்களை. அங்கே யாருக்கும் இடம் விடும் பேச்சு இல்லை.

கலைப்படைப்பின் பெயராக வரும்போது மட்டும் சிம்சும் என்றே விடலாம். ஈயத்தின் மேல் சாம்பல் பூசி ஜெர்மானிய ஓவியர் ஆன்செல்ம் கீஃபர் 1990இல் செய்த பெரிய படமும் இதே பெயரில்தான் வாஷிங்டனில் இருக்கிறது. அப்புறம், இன்றைய எபிரேய நாளிதழில் பட்ஜெட் செய்திக்குள் இந்தச் சொல்லைப் பார்த்தால், அது வெறும் செலவுக் குறைப்பு.