உருண்டைப் பூமியில் வரைந்த சதுரங்கக் கட்டம்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா, கான்சாஸ் மாநிலங்கள் பக்கம் கிராமத்துச் சாலையில் வடக்கு நோக்கி கார் ஓட்டிப் போகிறவர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனிப்பார்கள். நூல் பிடித்தாற்போல் பல மைல் ஓடிய சாலை திடீரென்று முட்டி நிற்கும். கிழக்கிலோ மேற்கிலோ சிறிது தூரம் விலகி, மறுபடி வடக்கே நேராகப் போகும். குறுக்கே மலையும் இல்லை, ஆறும் இல்லை; இருபுறமும் மக்காச்சோளம்தான். அந்த வளைவுக்குக் காரணம் பூமியின் உருண்டை வடிவம்.

1785இல் அமெரிக்கக் கூட்டரசிடம் விடுதலைப் போரின் கடன் இருந்தது, காசு இல்லை. மேற்கே நிலம் இருந்தது. அதில் பழங்குடி மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பது விற்க நினைத்தவர்களை உறுத்தவில்லை. கண்ணால் பாராத நிலத்தை ஒருவர் வாங்க வேண்டுமானால் அது காகிதத்தில் ஐயமின்றி இருக்க வேண்டும். அதற்காக அந்த ஆண்டு மே மாதம் இயற்றிய சட்டம் நிலத்தை ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாக, 'டவுன்ஷிப்'களாக வெட்டச் சொன்னது. ஒவ்வொன்றிலும் 36 பிரிவுகள். ஒரு பிரிவு ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். பதினாறாம் பிரிவு பள்ளிக்கூடத்துக்கு. ஒஹாயோ ஆற்றங்கரையில், பென்சில்வேனியா எல்லையில், அரசின் நில அளவையர் தாமஸ் ஹட்சின்ஸ் அதே ஆண்டு செப்டம்பரில் அளக்கும் வேலையைத் தொடங்கினார்.

கருவி ஓர் இரும்புச் சங்கிலி. எட்மண்ட் கன்ட்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1620 வாக்கில் வகுத்தது: 66 அடி நீளம், 100 கண்ணிகள். 80 சங்கிலி ஒரு மைல். 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். நீளத்தையும் அகலத்தையும் சங்கிலிக் கணக்கில் பெருக்கி, புள்ளியை ஓரிடம் தள்ளிவைத்தால் ஏக்கர் கணக்கு வந்துவிடும். நம் ஊரில் ஒரு சென்ட் என்பது ஏன் 435.6 சதுர அடி என்ற கோணல் எண்ணாக இருக்கிறது என்று யோசித்ததுண்டா? 66ஐ 66ஆல் பெருக்கிப் பத்தால் வகுத்துப் பாருங்கள். அதே சங்கிலிதான்.

சங்கிலியை இழுக்க இருவர். முன்னால் போகிறவர் கையில் 11 இரும்பு ஊசிகள். சங்கிலியை விறைப்பாக இழுத்து ஓர் ஊசியைக் குத்துவார். பின்னால் வருகிறவர் அதைப் பிடுங்கிக்கொண்டே வருவார். அவர் கையில் பத்து சேர்ந்தால் பத்துச் சங்கிலி. சரிவில் சங்கிலியைத் தரையோடு படுக்கவிடக் கூடாது, கிடைமட்டமாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். சதுப்போ முள்ளோ எது வந்தாலும் கோடு விலகக் கூடாது. நாள்பட இழுத்து இழுத்துக் கண்ணிகள் தேயும், சங்கிலி நீளும். அரை அடி நீண்ட சங்கிலியால் அளந்தால் மைலுக்கு 40 அடி கூடிவிடும். வாங்கியவருக்கு அது லாபக் கணக்கு.

திசைகாட்டி கொடுத்த தொல்லை தனி. 1844இல் மிச்சிகனில், இன்றைய நெகானீ ஊர் அருகே, நில அளவையர் வில்லியம் பர்ட்டின் குழுவினர் கையில் காந்த முள் பைத்தியம் பிடித்ததுபோல் சுழன்றது. தேடிப் பார்த்தால் காலடியில் இரும்புத் தாது! பர்ட் சளைக்கவில்லை. சூரியனைக் கொண்டு வடக்கைக் காட்டும் திசைகாட்டி ஒன்றை அவரே முன்பு உருவாக்கியிருந்தார்.

ஆனால் சங்கிலியும் முள்ளும் பிசகாவிட்டாலும் கட்டம் ஒட்டாது. வடக்கே போகும் கோடுகளெல்லாம் துருவத்தில் கூடுபவை. போகப் போக நெருங்கும். 40 பாகை அட்சரேகையில் ஒரு டவுன்ஷிப்பின் வடக்கு ஓரம் தெற்கு ஓரத்தைவிட ஏறத்தாழ 40 அடி குறைவு. அந்தக் குறைவை அதன் வடக்கு, மேற்கு ஓரப் பிரிவுகளின் தலையில் கட்டினார்கள். அப்படியே விட்டால் வடக்கே போகப் போகச் சதுரம் ஒடுங்கும். அதனால் இடையிடையே, பிற்காலத்தில் 24 மைலுக்கு ஒருமுறை, ஒரு திருத்தக் கோடு போட்டு ஆறு மைலைப் புதிதாக அளந்தார்கள். அந்தக் கோட்டில் மேல் கட்டமும் கீழ்க் கட்டமும் சேராது. சாலைகள் பிரிவு எல்லைகளையே ஒட்டிப் போனதால், கோடு விலகிய இடத்தில் சாலையும் விலகியது.

1862ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் இலவசமாகக் கொடுத்த 160 ஏக்கர், இந்தப் பிரிவில் சரியாகக் கால்வாசி. ஐந்தாண்டு தங்கி உழுதால் சொந்தம். கிழக்கே மழை பெய்யும் மண்ணில் அது போதும். வறண்ட மேற்கில் அந்த அளவு நிலம் குடும்பத்தைப் பட்டினி போடும் என்று மேற்குப் பகுதிகளை ஆராய்ந்த ஜான் வெஸ்லி பவல் 1878இல் எச்சரித்தார். நீர் ஓடும் வழியைப் பார்த்து எல்லை வகுக்கச் சொன்னார்; கட்டம் மாறவில்லை. 1887இல் பழங்குடிகளின் பொது நிலத்தையும் இதே 160 ஏக்கர் கணக்கில் குடும்பங்களுக்குப் பங்கு போட்டு, மிச்சத்தை வெளியாருக்குத் திறந்துவிட்டார்கள். அன்று 13.8 கோடி ஏக்கராக இருந்த அவர்கள் நிலம் 1934இல் 4.8 கோடி.

அளவையில் நேர்ந்த தவறுகளைத் திருத்தவும் வழியில்லை. முதல் அளவையர் நட்ட மூலைதான் சட்டப்படி மூலை என்று 1805இலேயே விதித்துவிட்டார்கள். மரமில்லாப் புல்வெளியில் அவர்கள் குழி வெட்டி, கரியைப் புதைத்து, மேலே மண் குவித்து மூலையைக் குறித்தார்கள். இன்றைய சர்வேயர் செயற்கைக்கோள் கருவியோடு போனாலும், மூலை என்று தோன்றும் இடத்தில் மண்வெட்டியால் மெல்லச் சுரண்டி, அந்தக் கரியின் கறுப்புத் தெரிகிறதா என்றுதான் தேடுகிறார்.