கல்நார் மக்குவதில்லை

இந்த ஆண்டில் நான் பார்க்கும் மூன்றாவது பெண் இவர். ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார், வேலைக்கு ஒரு நாள்கூடப் போனதில்லை. ஷீட் அறுத்தவர் கணவர். "அவர் சட்டையை ஊறவைக்கும் முன் இப்படி உதறுவேன் டாக்டர்" என்று இரண்டு கைகளையும் நீட்டி, வெறுங்காற்றில் உதறிக் காட்டினார். உதறியது முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன். இன்று நுரையீரல் உறையில் மீசோதீலியோமா. இந்தப் புற்றுநோய் அவ்வளவு காலம் ஒளிந்திருக்கும்.

கூட வந்த மகன் சொன்னதுதான் என்னை எழுத உட்காரவைத்தது. "வீட்டின் பழைய ஷீட்டுகளை உடைத்துக் கொல்லைப் பள்ளத்தில் போட்டு மூடிவிட்டோம். இந்நேரம் மண்ணோடு மண்ணாகியிருக்கும்."

ஆகியிருக்காது! எத்தனை பேரிடம்தான் சொல்வது? கல்நார் என்ற பெயரிலேயே கல் இருக்கிறது. அது நீரில் கரையாது, ஆவியாகாது, நுண்ணுயிர் எதுவும் தின்று தீர்க்காது. மழையும் பாசியும் அரிப்பது ஷீட்டில் கல்நாரோடு கலந்த சிமெண்டைத்தான். சிமெண்ட் உதிர உதிர, அது இறுக்கிப் பிடித்திருந்த இழைகள் விடுபடுகின்றன. பழசானால் விஷம் குறையும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், நடப்பது நேர்மாறு. மண் உலர்ந்து, யாராவது கிளறினால் போதும், இழை மறுபடி காற்றில் ஏறும். ஆஸ்திரேலியாவின் விட்டனூம் கல்நார்ச் சுரங்கத்தை 1966-இல் மூடினார்கள். அதன் கழிவு மலைகள் இன்றும் அப்படியே கிடக்கின்றன. ஊரைத்தான் வரைபடத்திலிருந்து எடுத்தார்கள்.

"வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் ஒன்றும் செய்யாது" என்பதும் பொய். எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்திருக்கிறது. இந்த இழையைச் சுவாசித்தவர் புகைப்பவராகவும் இருந்தால், நுரையீரல் புற்றுநோய் அபாயம் பன்மடங்கு.

விரிசல் இல்லாத கூரையைத் தொடாதீர்கள். துளையிட வேண்டாம், தேய்த்துக் கழுவவும் வேண்டாம். கழற்றியே ஆகவேண்டுமென்றால் பயிற்சி பெற்றவர்களை அழையுங்கள். நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்கி, தடித்த பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்றுச் சுற்றி, அபாயக் கழிவாகத்தான் ஒப்படைக்க வேண்டும். முகத்தில் கட்டும் துண்டு இந்த இழையைத் தடுக்காது. சிந்திய தூளைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். வேலை உடையோடு வீட்டுக்குள் வராதீர்கள், தயவுசெய்து.

"அப்படியானால் தோண்டி எடுத்துவிடட்டுமா?" என்று கேட்டார் மகன். வேண்டாம் தம்பி. மேலே இன்னும் கனமாக மண் போட்டு மூடுங்கள். அந்த இடத்தில் செடி நடாதீர்கள், குழி வெட்டாதீர்கள். வீட்டை விற்றால், அங்கே என்ன புதைந்திருக்கிறது என்று வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.