வான்கோவின் நீலச் சுவரும் நம் வீட்டு கேன்வாஸ் பிரிண்ட்டும்

வான்கோவின் 'படுக்கையறை' ஓவியத்தை கேன்வாஸ் பிரிண்ட்டாக வாங்கினால் அதில் அறைச் சுவர் நீலமாகத்தான் இருக்கும். கடைக்காரர் மேல் தப்பில்லை. 1888 அக்டோபரில் பிரான்ஸின் ஆர்ல் நகரில் இதை வரைந்தபோது, சுவர் வெளிர் கத்தரிப்பூ நிறம் என்றுதான் வான்கோ தன் தம்பி தியோவுக்குக் கடிதம் எழுதினார். நீலத்தோடு அவர் கலந்த சிவப்பு, வெளிச்சம் பட்டால் வெளுத்துப்போகிற ரகம். அது போய்விட்டது, நீலம் மட்டும் தங்கிவிட்டது. ஆம்ஸ்டர்டாம் வான்கோ அருங்காட்சியகத்தில் தொங்குவது இந்த வெளுத்த படம்தான், கேமரா எடுப்பதும் அதைத்தான், ஆக நாம் காசு கொடுத்து மாட்டுவது வான்கோ தீட்டிய நிறத்தை அல்ல, வெயில் தின்றது போக மிச்சமிருப்பதை.

அதே வெளிச்சம் நம் பிரிண்ட்டையும் விடாது. நிறம் தரும் மூலக்கூறுகளின் பிணைப்பை ஒளி, அதிலும் புற ஊதாக் கதிர், உடைத்துவிடுகிறது. டை இங்க்கில் அந்த மூலக்கூறுகள் தனித்தனியாகக் கரைந்து கிடப்பதால் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். பிக்மென்ட் இங்க்கில் அவை நுண்ணிய துகள்களாகத் திரண்டிருப்பதால் மேலே இருப்பவை அழிந்தாலும் உள்ளே இருப்பவை நிறத்தைக் காப்பாற்றும். துகளாக இருந்தால் மட்டும் போதாது, மூலக்கூறும் உறுதியானதாக இருக்க வேண்டும், வான்கோவின் சிவப்பும் ஒரு வகைத் துகள்தானே. எப்படியும் ஆர்டர் கொடுக்கும் முன் எந்த இங்க் என்று கேட்டுவிடுங்கள், அப்புறம் நேர் வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள்.

வெறும் துணியில் இங்க் விழுந்தால் நூல் வழியே பரவிவிடும். அதனால் கேன்வாஸ் மேல் இங்க்கை உடனே பிடித்துக்கொள்ளும் ஒரு பூச்சு இருக்கும். பிரிண்டரின் துளிகளோ சில பிக்கோலிட்டர்தான், அதாவது ஒரு லிட்டரில் லட்சம் கோடியில் சில பங்கு. சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் அருகருகே விழ, கண் அவற்றைச் சேர்த்து ஒரே நிறமாகப் பார்க்கிறது. ஓவியரின் வண்ணமும் இந்த இங்க்கும் வேறு வேறு பொருள்கள் என்பதால், பகல் வெளிச்சத்தில் அச்சு அசலாகப் பொருந்தும் நிறம் வீட்டு எல்இடி விளக்கில் லேசாகப் பிசகலாம்.

படத்தின் அளவையும் பாருங்கள். அசல் கிட்டத்தட்ட 72க்கு 91 சென்டிமீட்டர். 91 என்றால் ஏறக்குறைய 36 அங்குலம். அங்குலத்துக்கு 150 பிக்சல் வைத்தால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் 5,400 பிக்சல் வேண்டும். நெட்டில் கிடைத்த 1,000 பிக்சல் படத்தை அனுப்பினால் அங்குலத்துக்கு 28தான் தேறும், ஓரமெல்லாம் மங்கிப் போகும்.

பிரிண்ட் கோட்டை விடுவது தூரிகைத் தடத்தில். வான்கோ வண்ணத்தைத் தடிமனாக அப்பியவர். அசலில் அந்த மேட்டின் நிழல், வெளிச்சம் வரும் திசைக்கேற்ப மாறும். பிரிண்ட்டிலோ படம் எடுத்த அன்று விழுந்த நிழல் அப்படியே உறைந்திருக்கும், உங்கள் ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தாலும் சரி. இதை ஈடுகட்ட சில இடங்களில் மேலே தெளிவான ஜெல்லைத் தூரிகையால் இழுத்துத் தருவார்கள். அதற்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள் என்பேன்: அந்த மேடுகள் பெரும்பாலும் படத்தின் கோடுகளோடு சேராமல் தன் போக்கில் போகும், பக்கவாட்டு வெளிச்சத்தில் கட்டிலின் குறுக்கே யாரோ பசை தடவியது போலத் தெரியும்.