கிட்டார் பிக்: தடிமனை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

சவுண்ட் சப்பென்று இருக்கிறது என்று புது ஸ்ட்ரிங் மாட்டுவார்கள், பெடல் வாங்குவார்கள், சிலர் கிட்டாரையே மாற்றிவிடுவார்கள். கையில் இருக்கும் பிக் மட்டும் கிட்டார் வாங்கிய அன்று பையோடு இலவசமாக வந்ததாகவே இருக்கும். விரல்களுக்கு இடையில் பிடித்து மீட்டும் அந்தச் சின்னத் தகடுதான் ஸ்ட்ரிங்கை அதிர வைப்பது. நல்ல ஸ்ட்ரிங் செட் ஒன்றின் விலைக்குத் தரமான பிக் ஆறேழு வாங்கிவிடலாம் என்பதால், செலவை இங்கிருந்து தொடங்குவதுதான் புத்திசாலித்தனம்.

கடையில் முதல் கேள்வி எப்போதும் "எத்தனை எம்எம்?" என்பதுதான். பொதுவாக 0.60 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் தின், 0.60 முதல் 0.80 வரை மீடியம், அதற்கு மேல் 1.2 வரை ஹெவி. ஆனால் ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியில் தின் ஆகிவிடும். பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். டன்லப் கம்பெனியின் டார்ட்டெக்ஸ் வகை பிக் வாங்குபவர்களுக்கு நிறமே அடையாளம்: சிவப்பு 0.50, ஆரஞ்சு 0.60, மஞ்சள் 0.73, பச்சை 0.88, நீலம் 1.0, ஊதா 1.14. எண் அச்சிடாத, மூட்டையாக விற்கும் பிக்குகளை டிஜிட்டல் வெர்னியரில் அளந்து பார்த்தால் ஒரே பாக்கெட்டுக்குள்ளேயே வித்தியாசம் தெரியும்.

மெல்லிய பிக் ஸ்ட்ரிங்கில் பட்டதும் வளைகிறது. அதனால் ஸ்ட்ரம் பண்ணும்போது, அதாவது ஒரே வீச்சில் எல்லா ஸ்ட்ரிங்கையும் மீட்டும்போது, ஆறு ஸ்ட்ரிங்கும் ஏறக்குறைய ஒரே அளவில் ஒலிக்கும், கை தடுக்காது. தொடக்கத்தில் இது பெரிய வசதி. சிக்கல் எங்கே என்றால், ஓங்கி அடித்தாலும் அந்த விசையை பிக் வளைந்தே தின்றுவிடும். சத்தமாகவும் மெதுவாகவும் வாசித்துக் காட்ட இடம் குறைவு. பிளாஸ்டிக் தட்டும் 'டிக் டிக்' சத்தமும் சேர்ந்து வரும். ரெக்கார்டிங்கில் அக்கூஸ்டிக் ரிதம் டிராக்குக்கு அந்த டிக் சத்தத்தையே தாளம்போல விரும்பிக் கேட்பவர்களும் உண்டு, அது வேறு. ஒற்றை நோட்டு வேகமாக வாசிக்கும்போது வளைந்த நுனி நிமிர்வதற்குள் அடுத்த அடி வந்துவிடும். நோட்டுகள் குழைந்து கேட்பதற்குப் பல நேரம் விரல் பயிற்சி காரணமில்லை, பிக்தான் காரணம்.

தடித்த பிக்கில் கை செய்வது அப்படியே ஸ்ட்ரிங்குக்குப் போகும். பேஸ் நிறைவாக இருக்கும், டிக் சத்தம் குறையும். மணிக்கட்டு இறுகியிருந்தால் அந்த இறுக்கமும் கேட்கும், ஸ்ட்ரம்மில் நுனி மாட்டிக்கொள்ளும். அக்கூஸ்டிக்கில் ஸ்ட்ரம் மட்டும் என்றால் 0.60 அல்லது 0.73, லீடும் (ஒற்றை நோட்டு வரிகள்) ரிதமும் (கார்டு ஸ்ட்ரம்) கலந்து வாசிப்பதென்றால் 0.88, லீட் மட்டும் என்றால் 1.0இல் தொடங்கலாம். நைலான் ஸ்ட்ரிங் போட்ட கிளாசிக்கல் கிட்டாருக்கு பிக் வேண்டாம். அது விரலால் வாசிக்கச் செய்தது. மேல்பலகையைக் காக்கும் பிக்கார்டு என்ற தகடும் பெரும்பாலும் இருக்காது, பலகையில் கோடு விழுந்துவிடும்.

இனி யாரும் கவனிக்காத விஷயம்: விளிம்பு. ஒரே 1.0 மில்லிமீட்டரில் இரண்டு பிக் இரண்டு விதமாக ஒலிப்பது இதனால்தான். கூரான நுனி ஸ்ட்ரிங்கை மிகச் சிறிய இடத்தில் தொட்டுச் சட்டென்று விடுகிறது. ஒலியின் உயர் அதிர்வெண்கள் தூக்கலாகி, சவுண்ட் பிரைட்டாக வரும். உருண்ட நுனி அகலமாகத் தொட்டு நிதானமாக விடும். அப்போது சவுண்ட் தடித்து, கொஞ்சம் மங்கலாக இருக்கும். ஃபெண்டர் 351 என்று சொல்லப்படும் வழக்கமான வடிவத்தில் இரண்டுமே இருக்கின்றன. கூர்முனையால் வாசித்துவிட்டு, பிக்கைத் திருப்பி உருண்ட தோள்பட்டையால் அதே வரியை வாசித்துப் பாருங்கள். ஆம்ப்பில் டிரெபிளைக் குறைத்ததுபோல இருக்கும். ஜாஸ் 3 மாதிரிச் சிறிய, கூரான பிக்குகள் லீடுக்குத் துல்லியமானவை, ஸ்ட்ரம்முக்குப் பிடிமானம் போதாது. 346 எனும் பெரிய முக்கோணத்தில் மூன்று முனையும் ஒன்றுபோல இருப்பதால் ஒன்று தேய்ந்தால் திருப்பிக்கொள்ளலாம்.

விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அச்சில் வார்த்த பிக்குகளில் விளிம்பின் நடுவே மெல்லிய வரம்புபோல ஒரு கோடு ஓடும். நகத்தால் வருடினால் தட்டுப்படும். கம்பி சுற்றிய தடித்த ஸ்ட்ரிங்குகளில் 'சரக் சரக்' என்று கேட்பதற்கு இந்தக் கோடும் சொரசொரப்பும் முக்கியக் காரணம். தூக்கி எறிய வேண்டாம். 400 நம்பர் உப்புத்தாளில் விளிம்பை 45 பாகை சாய்த்து நாலைந்து இழுப்பு, பிறகு 1000, கடைசியில் 2000. அப்புறம் ஜீன்ஸ் துணியில் பளபளப்பு வரும்வரை அழுத்தித் தேய்த்தால் போதும். மின்சார அரவைக் கருவி வைத்துச் செய்யாதீர்கள். சூட்டில் பிளாஸ்டிக் இளகி விளிம்பு கெட்டுவிடும். செலுலாய்டு பிக் என்றால் தீப்பிடிக்கவும் கூடும்.

சரக் சத்தத்துக்கு இன்னொரு காரணம் பிடிக்கும் கோணம். பிக் ஸ்ட்ரிங்குக்கு இணையாகத் தட்டையாகப் பட்டால் நோட்டு தெளிவாக விழும், ஆனால் தடை அதிகம். 20, 30 பாகை சாய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும், கூடவே சுற்றுக்கம்பியை உரசும். சாய்த்து வாசிப்பவர்கள் விளிம்பைச் சரிவாகச் சீவிய தடித்த பிக் வாங்கலாம். இடது கைக்காரர்களுக்குச் சரிவு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

பொருளுக்கு வருவோம். செலுலாய்டு பிக்கை டி'ஆண்ட்ரியா நிறுவனம் 1922இல் கொண்டுவந்தது. நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்த பொருள் அது. உப்புத்தாளில் தேய்க்கும்போது கற்பூர வாசம் வரும், நெருப்பு பட்டால் குப்பென்று பற்றும். விளக்கு, ஊதுபத்தி பக்கத்தில் வைக்காதீர்கள். சவுண்ட் இதமானது, தேய்மானம் வேகம். நைலான் உடையாது, மென்மையாக ஒலிக்கும், ஆனால் ஈரத்தை உறிஞ்சும். 1981இல் வந்த டார்ட்டெக்ஸ் டெல்ரின் என்ற பிளாஸ்டிக். மேற்பரப்பு மாவு பூசியதுபோல பளபளப்பில்லாமல் இருப்பதால் வியர்வையிலும் நழுவாது, ஈரமும் ஏறாது. சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோரப் புழுக்கத்தில் வாசிப்பவர்களுக்கு முதல் பிக்காக இதைத்தான் சொல்வோம். அல்டெக்ஸ் என்ற பிளாஸ்டிக் இன்னும் கடினம், பிரைட், நீண்ட நாள் உழைக்கும். பாலிஇமைடு என்ற உயர்தரப் பிளாஸ்டிக்கில் செய்த பிக்குகள் ஒன்று 30 டாலருக்கு மேல் போகின்றன. பிக்கைத் தொலைக்காத வயதும் பழக்கமும் வந்த பிறகு யோசிக்கலாம். உலோக பிக் ஸ்ட்ரிங்கை அரிக்கும். குவீன் இசைக்குழுவின் கிட்டாரிஸ்ட் பிரையன் மே பழைய பிரிட்டிஷ் ஆறு பென்ஸ் நாணயத்தால் வாசிக்கிறார் என்பது உண்மைதான், அது அவர் கைக்குப் பழகியது.

ஆமை ஓடு பிக் "ஒரிஜினல்" என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். மன்னார் வளைகுடாவிலும் காணப்படும் அழுங்காமையின் ஓடு அது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிரினம். விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஆமை ஓட்டு நிறத்தில் கடையில் தொங்குபவை பெரும்பாலும் செலுலாய்டு, அதில் தவறில்லை.

கட்டைவிரல் அடிமூட்டில் வலி என்று வருபவர்களிடம் பிக்கைப் பிடித்துக் காட்டச் சொன்னால், நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தியிருப்பார்கள். ஆள்காட்டி விரலை மடக்கி, அதன் பக்கவாட்டில் பிக்கை வைத்து, மேலே கட்டைவிரலைத் தட்டையாக வையுங்கள். நுனி 3 முதல் 5 மில்லிமீட்டர் வெளியே தெரிந்தால் போதும். பக்கத்தில் இருப்பவர் மெல்ல இழுத்தால் கையோடு வந்துவிட வேண்டும். பிக் சுழல்கிறது என்பதற்காகப் பிடியை இறுக்குகிறார்கள். நுனி ஸ்ட்ரிங்குக்குள் ஆழமாக இறங்குவதுதான் சுழல்வதற்குக் காரணம், நுனியைக் குறையுங்கள். வழவழப்பான பிக்கின் நடுவில் 120 நம்பர் உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிடலாம். தலைக்கு எண்ணெய் தடவிய கையோடு உட்கார்ந்தால் எந்த பிக்கும் நிற்காது. வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் பிக்கை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

தேர்ந்தெடுக்கும்போது காதை மட்டும் நம்பாதீர்கள். வாசிப்பவருக்குக் கேட்பதும் எதிரில் இருப்பவருக்குக் கேட்பதும் வேறு. 0.60, 0.73, 0.88, 1.0 என நான்கு பிக், ஒரே பிராண்டு, ஒரே வடிவம். ஃபோனை 12ஆவது ஃப்ரெட்டுக்கு எதிரே ஓரடி தள்ளி வைத்து ரெக்கார்டு போடுங்கள். ஒவ்வொன்றிலும் ஜி கார்டில் எட்டு ஸ்ட்ரம், இரண்டாவது ஸ்ட்ரிங்கில் மேலும் கீழுமாக எட்டு நோட்டு, ஆறாவது ஸ்ட்ரிங்கில் அதே எட்டு. மறுநாள் ஹெட்ஃபோனில், எது எந்த பிக் என்று பார்க்காமல் கேளுங்கள். தடிமன் முடிவான பிறகு அதே தடிமனில் வேறு பொருள்களை இதேபோல ஒப்பிடலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது எதனால் என்று தெரியாமல் போகும்.

நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்தாலோ, விளிம்பு பல்லுப் பல்லாக ஆனாலோ உப்புத்தாள் போட்டு ஒரு தடவை காப்பாற்றலாம். புதிய பிக்கோடு சேர்த்து வைத்துப் பார்க்கும்போது நுனி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பிக் சவுண்ட் ஹோலுக்குள் விழுந்துவிட்டால் கிட்டாரை உடனே கவிழ்த்துக் குலுக்க வேண்டாம். நிமிர்ந்த நிலையிலேயே மெல்லச் சாய்த்து, பிக்கை ஹோலுக்கு நேர் கீழே வரவைத்துவிட்டு, சட்டென்று கவிழ்த்தால் விழுந்துவிடும்.